வெளியே சொல்லாதே

ஊருக்குப் போகும்போது பெட்டியில் இரண்டு மூன்று புத்தகங்களை வைத்துக்கொண்டு போவது என் பழைய வழக்கம். போன இடத்தில் அவற்றைத் தொடக்கூட நேரம் இராது என்பது வேறு சங்கதி. சென்ற ஐப்பசியில் திருநெல்வேலியில் மூன்று நாள் விடாமழை பிடித்துக்கொண்டதால், அந்த வழக்கத்துக்கு முதல் தடவையாக ஒரு பிரயோஜனம் ஏற்பட்டது. தார்சாவில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். எதிரே அம்மா சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி, சாப்பாட்டைக்கூட மறந்துபோட்டு வாசிக்கே? அப்படி என்ன கதை அது?”

“ஒரு அம்மா, மக கதைம்மா. சீனாக்காரங்க. அமெரிக்காவிலே குடியேறினவங்க.”

“சீனாவை விட்டுப்போட்டு அங்கே எதுக்குப் போனாகளாம்?”

நல்ல கேள்விதான். நான் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மகளுக்கே அதற்கு நேரான பதில் தெரியாது. அவளுடைய அம்மா சொல்லவில்லை. நானும் அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். எனக்கும் என் அம்மாவுக்கும் நடுவே, கதை சொல்கிற விஷயத்தில், ஒரு பிணக்கு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அம்மாவின் கேள்விக்குப் பதில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுத் தென் சீனாவில் கான்டன் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆண்கள் கப்பலேறினார்கள். தங்கம் அகப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் ரயில் பாதை போட்டார்கள், சமையல் செய்தார்கள், ஊரார் துணியை வெளுத்தார்கள். மனைவியைக் கிராமத்தில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். நாலு காசு சேர்ந்ததும் திரும்பிவிடலாம் என்பது எண்ணம். பிற்பாடு அவளை அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்கும் கதவு அடைபட்டது. 1875-ல் ஒரு சட்டம் வந்தது. விபசாரத்துக்காகக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுப்பது என்று பேர். காரியத்தில், சீனப் பெண் என்றாலே சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்ப அது உதவிற்று. 1882-ல் சீனத் தொழிலாளி எவருமே வரக்கூடாது என்று இன்னொரு சட்டம். வியாபாரிகளுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும், இன்னும் மாணவர், ஆசிரியர் போன்ற சிலருக்கும் மாத்திரம் விலக்கு. 1890-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது அமெரிக்காவிலிருந்த சீனர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 27 ஆண்கள். சீனத் தாய், அமெரிக்காவில் வளரும் மகள் என்ற உறவே அங்கே அபூர்வமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதற்குள் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? 1906-ல் ஸான்பிரான்சிஸ்கோவில் பெரிய பூகம்பம். அதைத் தொடர்ந்த தீயில் நகரசபைப் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து போயின. ‘நான் இங்கேயே பிறந்தவன்’ என்று ஒருவன் சொன்னால் இல்லை என்று காட்ட ஏடு இல்லை. இங்கே பிறந்தவன் பிரஜை. பிரஜையின் பிள்ளை உள்ளே வரலாம். ஆகவே சீனாவில் இருக்கும் அண்டை வீட்டுப் பையனுக்கும், மருமகனுக்கும், விலை கொடுத்தவனுக்கும் பிள்ளை என்று பத்திரம் தயாராயிற்று. ‘காகிதப் பிள்ளைகள்’ என்று அவர்களுக்குப் பெயர்.

சர்க்காருக்கு இது தெரியாமல் இல்லை. 1910 முதல் 1940 வரை ஸான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு என்ற இடத்தில் வந்தவர்களை வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில், அடைத்து வைத்து விசாரித்தார்கள். உன் வீட்டு வாசலுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கிறது? உங்கள் தெரு வரிசையில் மூன்றாவது வீட்டில் குடியிருப்பவர் யார்? தகப்பன் சொன்ன பதிலும் பிள்ளை சொன்ன பதிலும் ஒத்துப்போக வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்கும் இதே பரீட்சைதான். கப்பலிலேயே பதில்களை உருப்போட்டுவிட்டு, கரை வருவதற்குள் அந்தத் தாள்களைக் கடலில் எறிந்துவிடுவார்களாம். உண்மையான மனைவியாக இருந்தும் படிக்கட்டை எண்ணிப் பார்க்காத ஒருத்தி என்ன பாடுபட்டிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். என் சொந்த வீட்டுக்கு எத்தனை படி என்று, இதை எழுதும் இந்த நிமிஷத்தில், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விலக்குச் சட்டம் 1943-ல் ரத்தாயிற்று. அதன் பிறகும் வருஷத்துக்கு 105 பேர்தான் வரலாம் என்று கணக்கு. வாசல் நன்றாகத் திறந்தது 1965-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான்.

இவ்வளவையும் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வீடுகளில் பேச்சு என்பது ஆபத்தான பொருள். அப்பாவின் நிஜப் பெயர், அவர் வந்த வழி, அம்மாவின் வயது, எதைக் குழந்தை பள்ளிக்கூடத்தில் உளறினாலும் குடும்பம் கப்பலேற நேரிடலாம். ஆகவே குழந்தைக்கே சொல்வதில்லை. அதே குழந்தை காலையில் எழுந்து போகிற பள்ளிக்கூடத்திலோ, எழுந்து நின்று உரக்கப் பேசு, உன் வீட்டைப் பற்றிச் சொல், உன் மனத்தில் இருப்பதைச் சொல் என்கிறார்கள். பேசாத குழந்தை மக்கு. வீட்டிலே பேசினால் குற்றம். வெளியிலே பேசாவிட்டால் குற்றம். தாய்க்கும் மகளுக்கும் நடுவே சண்டை மூள வேறு காரணம் வேண்டுமா?

மாக்ஸின் ஹாங் கிங்ஸ்டன் 1940-ல் கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊரில் பிறந்தவர். அவர் 1976-ல் வெளியிட்ட ‘தி வுமன் வாரியர்’ என்ற புத்தகத்தில் மேற்சொன்ன சண்டை முழுவதும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆரம்ப வருஷங்களில் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. படம் வரையச் சொன்னால் வரைந்துவிட்டு அதன்மேல் கறுப்பு வர்ணத்தைப் பூசிவிடுவாள். ஆசிரியைகள் கவலைப்பட்டுப் பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவளுக்கு அந்தக் கறுப்பு, நாடகம் தொடங்குமுன் தொங்கும் திரை. அதை யாரிடம் சொல்வது? தன் நாக்கின் அடி நரம்பைத் தாய் சிறு வயதில் வெட்டிவிட்டதாகவும் எழுதுகிறார். எந்தப் பாஷையிலும் உன் நாக்குப் புரள வேண்டும் என்பதற்காகச் செய்தேன் என்பது தாயின் கட்சி. மகளுக்கு அதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு.

அந்தத் தாய் சாமானியப்பட்டவள் அல்ல. புருஷன் அமெரிக்கா போய்ப் பதினைந்து வருஷம் திரும்பாமல் இருந்த காலத்தில், சீனாவில் பெற்ற இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்துவிட்டு, அவன் அனுப்பிய பணத்தில் வைத்தியமும் மருத்துவச்சி வேலையும் படித்துத் தேறியவள். கிராமத்தில் அவளுக்கு டாக்டரம்மா என்ற மரியாதை. அமெரிக்காவுக்கு வந்த பிறகு சலவைக் கடையில் பிறர் சட்டைக்குக் கஞ்சி போட்டாள். இதை மகள் பிற்காலத்தில் யோசித்து எழுதினாளே தவிர, வளர்கிற வயதில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது சத்தம் போட்டுப் பேசுகிற, மருந்துக் கடையில்கூடப் பேரம் பேசச் சொல்லி மானத்தை வாங்குகிற ஒரு தாய்தான்.

அந்தப் புத்தகத்தில் என்னை நிறுத்திவைத்த இடம் ஒன்று உண்டு. தாயிடம் சொல்ல வேண்டியவை என்று மகள் மனத்துக்குள் ஒரு ஜாபிதா வைத்திருக்கிறாள். இருநூறுக்கு மேல் ஆகிவிட்டது. தினம் ஒன்று என்று சொல்லித் தீர்த்துவிடலாம் என்று தீர்மானித்து, ராத்திரி தாய் சட்டைகளுக்குக் கஞ்சி போடும் நேரத்தில் பக்கத்தில் போய் நின்று கிசுகிசுப்பாள். மூன்று நாலு இரவு தாய் பொறுத்துக்கொண்டாள். அப்புறம், இந்த முணுமுணுப்பைத் தாங்க முடியவில்லை, போய் வேலையைப் பார் என்று விரட்டிவிட்டாள்.

முதல் தடவை வாசித்தபோது அந்தத் தாயின்மேல் எனக்குக் கோபமாக வந்தது. இந்தத் தடவை வரவில்லை. நாளெல்லாம் கொதிநீராவியில் நின்றுவிட்டு, யாரும் கூப்பிடாத அரைமணி நேரம் அவளுக்குக் கிடைப்பது அந்த ராத்திரியில்தான். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது என் பெண் வந்து தோளைத் தொட்டால் நான் என்ன செய்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒருநாள் மகள் வெடித்துக் கொட்டுகிறாள். என்னை அவலட்சணம் என்று சொல்லிச் சொல்லித்தானே வளர்த்தீர்கள் என்கிறாள். அப்படிச் சொல்வது சீன வழக்கம், நாங்கள் தலைகீழாகத்தான் சொல்லுவோம் என்று தாய் பதில் சொல்கிறாள். தமிழ் வாசகர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. திருஷ்டிக்குப் பயந்து தங்க விக்கிரகம் போன்ற குழந்தைக்குப் பிச்சை என்றும் குப்பம்மாள் என்றும் பேர் வைத்தவர்கள்தாமே நம்மவர்கள்? ஆனால் அந்தத் தலைகீழ் பாஷையைப் பேசுகிறவர்கள் சுற்றிலும் நூறு பேர் இருந்தால்தான் குழந்தைக்கு அதன் அர்த்தம் பிடிபடும். ஸ்டாக்டனில் ஒரு தாய் மட்டும் பேசினால் வசவு வசவாகவே போய்ச் சேருகிறது.

இந்தப் புத்தகம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? நான் சொல்லப் போவதை யாரிடமும் சொல்லாதே என்று தாய் மகளை எச்சரிப்பதில். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு கதை சொல்கிறாள்: தகப்பனாருக்கு ஒரு தங்கை இருந்தாள்; புருஷன் அமெரிக்காவில் இருக்கும்போது கர்ப்பமானாள்; ஊரார் திரண்டு வந்து வீட்டைச் சூறையாடினார்கள்; அவள் குழந்தையோடு கிணற்றில் விழுந்து செத்தாள்; அவள் பெயரை இந்த வீட்டில் எவரும் சொல்வதில்லை. வயதுக்கு வந்த பெண்ணைப் பயமுறுத்தி வைக்கச் சொன்ன கதை. மகள் அதை முதல் அத்தியாயமாக எழுதி உலகம் பூராவும் விற்றுவிட்டார்.

இந்த இடத்தில்தான் என் பிணக்கைச் சொல்ல வேண்டும். அம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன், முன்பு கேட்கவில்லை.

எனக்கு ஒரு சித்தி இருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மாப்பிள்ளை பம்பாயில் வேலையாக இருக்கிறார், வீடு பார்த்ததும் அழைத்துக்கொள்வார் என்று தாத்தா சொல்லி வைத்தார். ஒரு வருஷமல்ல, பதினெட்டு வருஷம் அதையே சொன்னார். தீபாவளிக்குத் தீபாவளி பம்பாயிலிருந்து பார்சலில் வந்ததாக ஒரு சேலை வரும். சித்தி அதை உடுத்திக்கொண்டு கோவிலுக்குப் போய்வருவாள். உண்மையில் அது டவுனில் வாங்கியது. தாத்தாவே ரகசியமாக வாங்கி வருகிறார் என்று அம்மா ஒருமுறை, மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என்னிடம் சொன்னாள். எனக்கு அப்போது இருபது வயது. சொல்லி முடித்துவிட்டு, ‘வெளியே சொல்லிராதே’ என்றாள்.

தாத்தா, ஆச்சி, சித்தி மூவரும் காலமான பிறகு நான் அதை ஒரு நாவலில் எழுதினேன். ஊரை மாற்றினேன், பேரை மாற்றினேன். சேலைக்குப் பச்சை நிறம் கொடுத்தேன். தொடர்கதையாக வந்தபோது வாசகர்கள் அந்தச் சேலையைப் பற்றித்தான் கடிதம் எழுதினார்கள். அம்மாவும் வாசித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அதன் பிறகு ஆறு வருஷமாக, ஏதாவது பழைய சமாசாரத்தை ஆரம்பித்தால், பாதியில் என் முகத்தைப் பார்ப்பாள். ‘சரி, அது எதுக்கு இப்போ’ என்று எழுந்து போய்விடுவாள். எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டிலும் விதிக்க முடியாது. மகளுக்கு இது எப்படிப்பட்டது என்பதை நான் எழுத முயலப்போவதில்லை.

ஆகவேதான் மழை நாளில் கையில் இருந்த அடுத்த புத்தகத்தை ஒரு பேராசையோடு வாசித்தேன். ஏமி டானுடைய ‘ஜாய் லக் கிளப்’. 1989-ல் வந்தது, 1993-ல் சினிமாவாகவும் எடுத்தார்கள். நாலு தாய்மார், நாலு பெண்கள். தாய்மார் வாரந்தோறும் கூடி மாஜாங் ஆடுகிறவர்கள். ஒரு தாய் இறந்துபோக, அவளுடைய நாற்காலியில் மகளை உட்கார வைக்கிறார்கள். உன் அம்மா சீனாவில் விட்டுவந்த பெண்கள் இருவர் உயிரோடு இருக்கிறார்கள், நீ போய் அவர்களிடம் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல் என்கிறார்கள். எனக்கு அம்மாவைப் பற்றி என்ன தெரியும், நான் என்ன சொல்வேன் என்று அவள் கேட்டுவிடுகிறாள். மேஜையைச் சுற்றி இருந்த கிழவிகளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தங்கள் பெண்களும் நாளைக்கு இதையேதான் சொல்வார்கள் என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்துபோகிறது. அந்த ஒரு பக்கத்துக்காக அந்த நாவலின் மற்றக் குறைகளை நான் மன்னித்துவிடுவேன். குறைகள் இல்லாமல் இல்லை. பிராங்க் சின் என்ற சீன அமெரிக்க எழுத்தாளர், கிங்ஸ்டனும் டானும் சீனப் பழங்கதைகளைத் திரித்து வெள்ளைக்கார வாசகர்களைக் குஷிப்படுத்துகிறார்கள் என்று கடுமையாகச் சாடினார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் பழங்கதை திரியாமல் இருக்க, அதைச் சொல்கிறவர் ஒரே பாஷையில் முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். கேட்கிறவரும் முழுசாகக் கேட்டிருக்க வேண்டும்.

டானுடைய சொந்த வாழ்க்கை நாவலைவிட உக்கிரமானது. தாயார் டெய்ஸி 1916-ல் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வயதில் அவருடைய தாய் அபினியை விழுங்கி உயிரை விட்டாள். டெய்ஸிக்கு வாய்த்த முதல் புருஷன் கொடுமைக்காரன். அவனிடமிருந்து தப்பி, 1949-ல் அமெரிக்காவுக்கு வந்தபோது மூன்று பெண் குழந்தைகளை ஷாங்காயில் விட்டுவிட்டு வர நேர்ந்தது. ஏமி 1952-ல் ஓக்லண்டில் பிறந்தார். தமக்கு மூன்று அக்காமார் உண்டென்பது பதினைந்து பதினாறு வயது வரை அவருக்குத் தெரியாது. தகப்பனாரும் அண்ணனும் ஒருவர் பின் ஒருவராக மூளையில் கட்டி வந்து இறந்த பிறகே அது வெளிவந்தது. இப்படி ஒரு துக்கத்தை அடைத்து வைத்திருந்த அம்மாள், மகள் மூளை அறுவை டாக்டராகவும் வேண்டும், ஓய்வு நேரத்தில் பியானோ வித்வாம்சினியாகவும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகள் வைத்தியப் படிப்பை விட்டு இங்கிலீஷ் இலக்கியம் படிக்கப் போனதும் இருவருக்கும் ஆறு மாதம் பேச்சு இல்லை. (2011-ல் ஏமி சுவா என்ற அம்மாள் ‘புலித் தாய்’ என்று புத்தகம் எழுதி, குழந்தைகளை வாத்தியத்தின் முன்னால் கட்டிப்போட்டு வளர்ப்பதைப் பற்றி ஊரெல்லாம் விவாதம் கிளப்பினார். பாட்டு கிளாஸுக்கும் கணக்கு டியூஷனுக்கும் நடுவே பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறக்கும் நம் தாய்மாருக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.)

டெய்ஸியின் இங்கிலீஷ் உடைந்த இங்கிலீஷ். 1990-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஏமி அதைப்பற்றிச் சொல்கிறார். கடைக்காரர்களும் பாங்கிக்காரர்களும் அந்தப் பேச்சைக் காதில் வாங்கமாட்டார்களாம். ஆகவே பதினைந்து வயதுப் பெண் டெலிபோனை எடுத்து, நான்தான் மிஸஸ் டான் என்று அம்மாவாக நடித்துப் பங்குத் தரகரை அதட்டுவாள். பின்னால் நின்று அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று முணுமுணுப்பார். மகள் தாயின் வாயாக இருந்திருக்கிறாள். அதே சமயத்தில், அம்மாவின் பேச்சு அரைகுறை, ஆகவே அம்மாவின் புத்தியும் அரைகுறை என்று தானும் நினைத்திருந்ததாக அவர் ஒப்புக்கொள்கிறார். அப்படி ஒப்புக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும்.

தாய்க்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த சமயம், பிழைத்தால் சீனாவுக்கு அழைத்துப் போகிறேன் என்று நேர்ந்துகொண்டார். அம்மாள் பிழைத்தார். 1987-ல் இருவரும் போய் அக்காமாரைக் கண்டார்கள். அதற்குப் பின் நாவல் வெளிவந்தது. வாசிக்கச் சிரமமாக இல்லை என்பது தாயார் சொன்ன அபிப்பிராயம். ஆனால் எல்லோரும் அது டெய்ஸியின் கதை என்றே பேசினார்கள். அது அவருக்குச் சரிப்படவில்லை. அதெல்லாம் என் கதையா, என் நிஜக் கதையை எழுது என்று மகளிடம் கேட்டார். முதல் புருஷன் செய்ததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னார். 1991-ல் வந்த ‘தி கிச்சன் காட்ஸ் வைஃப்’ அப்படிப் பிறந்தது. அமெரிக்காவில் ஒரு தாய் சொல்லாதே என்றாள், இன்னொரு தாய் சொல் என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

டெய்ஸிக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்தது. ஒருநாள் மகளுக்கு டெலிபோன் செய்து, உன்னை நான் ஏதோ புண்படுத்தியிருக்கிறேன், என்னவென்று நினைவில்லை, நான் மறந்ததைப்போல நீயும் மறந்துவிடு என்ற தோரணையில் பேசினாராம். 1999-ல் இறந்தார். அந்தக் கடைசி நாளில்தான் அம்மாவின் உண்மையான பெயர் என்ன என்று மகளுக்குத் தெரிந்தது. மூன்று நாவல் எழுதிய பிறகு!

இதை மட்டும் நான் அம்மாவிடம் சொன்னேன். மழை விட்டிருந்தது. அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

“பேரே தெரியலையா?”

“தெரியலையாம்.”

“பெத்த பொண்ணுக்கு?”

“ஆமாம்மா.”

அம்மா கொஞ்ச நேரம் உளுந்தில் கிடந்த ஒரு கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். கல் ஒன்றும் இல்லை.

“நீ பச்சைச் சேலைன்னு எழுதியிருந்தே” என்றாள்.

எனக்கு மூச்சு நின்றது.

“பச்சை இல்லட்டி. அரக்கு. அவளுக்குப் பச்சையே பிடிக்காது.”

“சரிம்மா.”

“தாத்தா வாங்கியாந்தாருன்னு நான்தான் உன்கிட்டே சொன்னேன். தாத்தாகிட்டே ஏது அவ்வளவு துட்டு? ஒரு வருஷம் வாங்கினாரு. மறு வருஷத்திலேருந்து அவளே தையல் தைச்சுச் சேத்த ரூவாயை எங்கிட்டே தருவா. நான் போயி எடுத்தாருவேன். அப்பா பொய் சொல்லி மாட்டிக்கிட்டாரேன்னு அவளுக்குச் சங்கடம். அவ தைச்ச மிஷினு மச்சிலே இன்னும் கிடக்கு.”

எழுந்து உள்ளே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, “அந்த மிஷினை வாங்கினது ஒரு தனிக் கதை” என்றாள்.